மறுவாழ்வு ஆலோசனை, சமூகப் பணிப் படிப்புகள்: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். "பொண்ணு கவுன்சலிங் படிக்கணும்னு சொல்றா, எங்கே சேர்க்கலாம்?" என்று ஒருவர். "தம்பிக்கு ஸ்பெஷல் ஸ்கூல்ல வேலை பார்க்க ஆசை, என்ன படிக்கணும்?" என்று இன்னொருவர். மறுவாழ்வு சமூகப் பணியாளராக இத்தனை வருடம் இருந்ததில் இந்தக் கேள்விகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டில் படிக்கப்போகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

மறுவாழ்வு ஆலோசகர் என்னதான் செய்வார்?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 28, கொத்தனார். சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தார். தண்டுவடம் முறிந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அறுவைசிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் கைகளுக்கு வலுவேற்றி, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறக் கற்றுக்கொடுத்தார். நர்ஸ் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டுக்கொள்ளவும், படுக்கைப்புண் வராமல் அடிக்கடி உடம்பைத் தூக்கி இறக்கவும் சொல்லிக்கொடுத்தார். நாளைக்கு டிஸ்சார்ஜ்.

வீட்டு வாசலில் மூன்று படிகள். கழிப்பறை கொல்லைப்புறத்தில். மனைவிக்கு வருமானம் இல்லை. ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. அவரோ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை.

மறுவாழ்வு ஆலோசகரின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முதலில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பல நாள் சும்மா உட்கார வேண்டியிருக்கும். அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவச் சான்று, தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, விபத்து இழப்பீடு, வாசலுக்குச் சாய்தளம், மனைவியோடு தனியாக ஒரு பேச்சு, பிறகு வேலை. என்ன வேலை என்பதை ஆலோசகர் முடிவு செய்துவிடக் கூடாது. "தையல் கத்துக்கோங்க" என்று சொல்வது சுலபம். அவருக்குக் கட்டடப் பொருள் கணக்கு பார்க்கத் தெரியும், சிமெண்ட் கடையில் உட்கார ஆசை என்று கண்டுபிடிக்க நேரமும் பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சிக்குத்தான் கல்லூரி.

மனநல ஆலோசகரும் இவரும் ஒன்றா?

பேசும் முறையில் நிறைய ஒற்றுமை உண்டு. ஆனால் மறுவாழ்வு ஆலோசகர் அறைக்குள் மட்டும் இருக்க முடியாது. வீட்டுக்கும், பள்ளிக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், வேலை கொடுக்கும் முதலாளியிடமும் போக வேண்டும். மருத்துவச் சொற்களும் தெரிந்திருக்க வேண்டும், சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பெயரிலேயே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறதா?

அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே உடல் குறைபாடுள்ளவர்களுக்கான தொழில் மறுவாழ்வுச் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. 1954-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மானியம் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் மறுவாழ்வு ஆலோசனை தனி முதுகலைப் படிப்பாகப் பரவியது. 'ஹியூமன் சர்வீசஸ்' (மக்கள் நலச் சேவைகள்) என்ற பட்டமும் அந்த ஊர்ப் பெயர்தான். நம் ஊரில் அதற்கு நெருக்கமானது சமூகப் பணி, அதாவது பி.எஸ்.டபிள்யூ. (இளங்கலை), எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலை).

இந்தியாவில் இந்த வேலை பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் (எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றுதான் சொல்வோம்) 16 வகைத் தொழில்முறையாளர்களைப் பட்டியலிட்டிருக்கிறது. சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர், மறுவாழ்வு சமூகப் பணியாளர், செயற்கை உறுப்பு நிபுணர், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், தொழில் ஆலோசகர் மற்றும் வேலைவாய்ப்பு அலுவலர், மறுவாழ்வு ஆலோசகர் அல்லது நிர்வாகி என்று அது போகும். ஆகவே "மறுவாழ்வு ஆலோசனைப் பட்டம்" என்று தேடினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். இந்த 16-ல் எது என்று முடிவு செய்துவிட்டுத் தேடுங்கள்.

ஆர்.சி.ஐ. பதிவு அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆர்.சி.ஐ. 1986-ல் ஒரு சங்கமாகத் தொடங்கியது. 1992-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, 1993-ல் அது சட்டபூர்வமான அமைப்பானது. கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்தவர்களின் பெயரை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்த்து ஓர் எண் கொடுப்பார்கள். சி.ஆர்.ஆர். எண் என்பது அதுதான். அந்தப் பதிவு இல்லாமல் மறுவாழ்வுத் தொழில்முறையாளராக வேலை செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தின் 13-ம் பிரிவு சொல்கிறது.

பல பேர் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. கல்லூரி நல்ல பெயருள்ளதாக இருக்கலாம், பல்கலைக்கழகப் பட்டம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் குறிப்பிட்ட ஆண்டில், அந்த நிறுவனத்துக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இல்லையென்றால் உங்களுக்குச் சி.ஆர்.ஆர். எண் கிடைக்காது. அங்கீகாரம் காலவரையறையோடுதான் தரப்படுகிறது. போன வருடம் இருந்தது என்பதால் இந்த வருடமும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கையில் பளபளப்பான சான்றிதழ், 'சிறப்புக் கல்வி டிப்ளமோ' என்று எழுதியிருந்தது. அப்பா மாட்டை விற்றுக் கட்டிய பணம். படித்த இடத்துக்கு அங்கீகாரமே கிடையாது. இரண்டு வருடம் வீண் என்பதை நான்தான் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் மாநில வாரியாக, படிப்பு வாரியாக நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்திருக்க வேண்டும்?

பேச்சு-செவித்திறன் படிப்புக்கும் (பி.ஏ.எஸ்.எல்.பி.) செயற்கை உறுப்புப் படிப்புக்கும் (பி.பி.ஓ.) அறிவியல் பிரிவு வேண்டும். சமூகப் பணி, சிறப்புக் கல்வி டிப்ளமோ போன்றவற்றுக்கு எந்தப் பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை. கலைப்பிரிவு எடுத்துவிட்டோமே என்று வருத்தப்பட வேண்டாம்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

நான்கு வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி சிறப்புக் கல்வி. பிளஸ் டூ முடித்ததும் இரண்டு ஆண்டு டிப்ளமோ, அல்லது ஏதாவது ஒரு டிகிரிக்குப் பிறகு சிறப்புக் கல்வியில் பி.எட். அறிவுசார் குறைபாடு, செவித்திறன், பார்வை என்று ஏதாவது ஒன்றில் சிறப்புப் பாடம் எடுப்பீர்கள். வேலைக்குச் சீக்கிரம் போக வேண்டிய வீட்டுச் சூழல் உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது சமூகப் பணி. எந்த டிகிரி முடித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ.வில் சேரலாம். மருத்துவ மற்றும் மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் மருத்துவமனை, மறுவாழ்வு மையம், தொண்டு நிறுவனம் என்று எங்கும் கதவு திறக்கும்.

மூன்றாவது உளவியல். முதுகலை உளவியல் முடித்துவிட்டு, மறுவாழ்வு உளவியலில் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த முதுகலை டிப்ளமோ படிக்கலாம். முதுகலையை மட்டும் முடித்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் அவசரப்படாதீர்கள்.

நான்காவது, கிராம அளவில் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு. 2021-ல் ஆர்.சி.ஐ.யும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வடிவமைத்த ஆறு மாதப் படிப்பு ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பெயர் சி.பி.ஐ.டி., சமுதாயம் சார்ந்த உள்ளடக்கிய வளர்ச்சி என்று பொருள். அந்தச் சுருக்கப் பெயரில் கேட்டால் புரியும். படித்தவர்களைத் 'திவ்யாங் மித்ரா' என்று அழைக்கிறார்கள். ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஊழியர் போல ஊருக்குள்ளேயே இருந்து மாற்றுத்திறனாளிகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சேவைகளோடு இணைக்கும் வேலை.

மனநல சமூகப் பணியாளராக எம்.எஸ்.டபிள்யூ. போதாதா?

2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பெயருக்கு வரையறை வைத்திருக்கிறது: சமூகப் பணியில் முதுகலை, அதற்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.பில். அந்த எம்.பில்.லில் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி இருக்க வேண்டும். பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குப் பேர்போன இடம்.

ஆனால் புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியல், மனநல சமூகப் பணி இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்கு கொடுத்தது. ஆகவே இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் அண்ணன் அக்கா படித்த கதையை வைத்துத் திட்டமிடாதீர்கள். சேரும் ஆண்டில் எந்தப் பட்டம் சட்டத்தின் வரையறைக்குள் வரும் என்று அந்த நிறுவனத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள்.

பிசியோதெரபியும் இதில்தான் வருமா?

வேலை செய்யும் இடத்தில் ஒரே குழு, ஆனால் சட்டம் வேறு. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டும் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மருத்துவ சமூகப் பணியாளர்களும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்?

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், சுருக்கமாக நிப்மெட். 2005-லிருந்து இயங்குகிறது. சிறப்புக் கல்வி, பேச்சு-செவித்திறன், செயற்கை உறுப்பு, மருத்துவ உளவியல் என்று பல துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பது இதன் பெரிய பலம். ஒரு குழந்தையை ஐந்து துறையினரும் சேர்ந்து பார்ப்பதை முதல் வருடத்திலேயே பார்த்துவிடலாம்.

சமூகப் பணிக்கு எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கியது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி ஆகியவற்றிலும் இந்தத் துறை உண்டு. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கே தனித் துறை இருக்கிறது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்தில் மாற்றுத்திறன் மேலாண்மை மற்றும் சிறப்புக் கல்விக்கான புலம் இருக்கிறது. வெளி மாநிலம் போக முடிந்தவர்களுக்குச் செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் நல்ல இடம்.

தபால் வழியிலோ ஆன்லைனிலோ படிக்கலாமா?

உளவியலையும் துணை மருத்துவப் படிப்புகளையும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதைத் திரையில் பார்த்தால் கை கற்றுக்கொள்ளாது.

களப்பணி எப்படி இருக்கும்?

சமூகப் பணிப் படிப்பில் வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் களம். ஒரு மருத்துவமனையோ தொண்டு நிறுவனமோ உங்களுக்கு 'ஏஜென்சி'. பார்த்ததை, பேசியதை, அப்போது மனத்தில் ஓடியதை அறிக்கையாக எழுதி வாரம் ஒருமுறை ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மாணவர்கள் சலித்துக்கொள்வது இந்த அறிக்கையைப் பற்றித்தான். ஆனால் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதில்தான். முதல் வருடம் ஒரு தாயிடம் பேசிவிட்டு வந்து, "தாய் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினேன். என் சூப்பர்வைசர் சிவப்புப் பேனாவால் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, "எத்தனை பேருந்து மாறி வந்தார்?" என்று மட்டும் எழுதியிருந்தார். போய்க் கேட்டேன். மூன்று பேருந்து. பத்து வயது மகனை இடுப்பில் சுமந்துகொண்டு. தெரபிக்கு ஒழுங்காக வரவில்லை என்று நான் குறை சொன்னது அந்த அம்மாவை. அதற்குப் பிறகு "ஒத்துழைக்கவில்லை" என்ற சொல்லை நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், இதைக் கேளுங்கள்: களப்பணிக்கு எங்கே அனுப்புகிறீர்கள், வாரம் எத்தனை மணி நேரம், அங்கே எங்களை மேற்பார்வை செய்வது யார்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

நல்ல களம் என்றால் எவை? சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், வீடற்ற மனநோயாளிகளுக்காக 1993-ல் உருவான தி பேன்யன், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம். ஆய்க்குடிக்கு ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வந்தவர்களின் பேச்சே மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் பாத்திரத்தை வைத்தே பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஊழியர்களை அங்கே பார்க்கலாம்.

நானே மாற்றுத்திறனாளி. இந்தப் படிப்பு எனக்குச் சரிப்படுமா?

வாருங்கள். இந்தத் துறையின் மிக நல்ல பக்கங்களை எழுதியவர்களில் பலர் உங்களைப் போன்றவர்கள்தான்.

டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954-ல் வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தன. வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, வேலூரில் அந்தத் துறையையே கட்டியெழுப்பினார். 1966-ல் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்தகுதிப் போட்டியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல், அதாவது ஐ.நா. அறிவித்த ஊனமுற்றோர் ஆண்டில், சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ.

உங்களுக்கான உரிமைகளும் இருக்கின்றன. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம், வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு, அரசு வேலையில் 4 சதவீதம். விண்ணப்பிக்கும்போதே யு.டி.ஐ.டி. அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இணைத்துக் கேளுங்கள். களப்பணிக்குப் போகும் இடத்தில் சாய்தளமும் கழிப்பறையும் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். அதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

மதுப்பழக்க 'ரீஹாப்' மையத்தில் வேலை செய்ய வேறு படிப்பு வேண்டுமா?

அடிப்படை அதே எம்.எஸ்.டபிள்யூ. அல்லது உளவியல். அதற்கு மேல் போதைப் பழக்க சிகிச்சையில் நேரடிப் பயிற்சி. சென்னையில் 1980-லிருந்து இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை இதில் பலரைப் பயிற்றுவித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மது, போதை தொடர்பான மனநிலைகளும் மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பதிவு செய்யாமல், ஆட்களை அடைத்துவைத்து அடிக்கும் இடங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒரு இடத்தில் முதல் வேலை கிடைத்தால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

வேலை கிடைக்குமா? சம்பளம்?

வேலை நிச்சயம் கிடைக்கும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அப்போது கணக்கெடுப்பில் இருந்தது எட்டு வகைக் குறைபாடு, இப்போது சட்டத்தில் 21 வகை. பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கும் போதவில்லை. மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், குழந்தைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், அரசுப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர் பணி, உலக வங்கி உதவியோடு மாநில அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்கள், வேலைவாய்ப்பு ஆலோசனை என்றால் கிண்டியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் போன்றவை.

சம்பளம் அப்படியில்லை. தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, வருடா வருடம் புதுப்பிப்பார்களா என்ற கவலை. சிறப்புப் பயிற்றுநர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கேட்பது நியாயம். பேச்சு-செவித்திறன், செயற்கை உறுப்பு, மருத்துவ உளவியல் படித்தவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மேல். வீட்டுக் கடனை நீங்கள்தான் அடைக்க வேண்டும் என்றால் இதையெல்லாம் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அதில் தவறே இல்லை.

இந்தப் படிப்பை வைத்து வெளிநாடு போக முடியுமா?

முடியும், ஆனால் நேராக இல்லை. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற மறுவாழ்வு ஆலோசகராக அங்குள்ள முதுகலைதான் வழக்கமான பாதை. 60 கிரெடிட், 100 மணி நேர ஆரம்பக் களப்பயிற்சி, 600 மணி நேர இன்டர்ன்ஷிப் என்பது அங்கே ஆலோசனைப் படிப்புகளுக்கான அங்கீகார அளவுகோல். இங்கே படித்த பி.ஏ.எஸ்.எல்.பி. போன்ற பட்டங்களுக்கும் அந்தந்த நாட்டின் தேர்வும் பதிவும் தனியாக உண்டு.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. படிக்க முடியுமா?

பாடப்புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், முதல் ஆறு மாதம் சிரமப்படுவீர்கள். ஆனால் களத்தில் உங்கள் தமிழ்தான் வேலை செய்யும். "ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்" என்று சொன்னதும் பயந்துபோகிற ஒரு பாட்டிக்கு, பேரன் ஏன் கண்ணைப் பார்ப்பதில்லை என்று அவருடைய சொற்களில் சொல்லத் தெரிய வேண்டும். அதை ஆங்கிலம் நன்றாகப் பேசும் மாணவர்கள்தான் பெரும்பாடுபட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். நேரம் கிடைத்தால் இந்திய சைகை மொழியும் படியுங்கள்.

தினமும் துயரத்தைப் பார்த்துப் பார்த்து மனம் உடைந்துவிடாதா?

உடையும். எனக்கும் உடைந்திருக்கிறது. நான்காவது வருடம் ஒரு மரணத்துக்குப் பிறகு இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. என்னைத் திரும்பக் கூட்டிவந்தது, சூப்பர்வைசர் வாரா வாரம் போன் செய்து பேசியதுதான். ஆகவே வேலையில் சேர்ந்த பிறகும் உங்கள் கேஸ்களைப் பேச மூத்தவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் தாங்க முடியவில்லை என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அந்த எண்ணை நமக்கும் பயன்படுத்தலாம்.

சேருவதற்கு முன்னால் என்ன செய்து பார்க்கலாம்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளிக்குப் போய், பத்து நாள் உதவிக்கு வரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருங்கள். ஒரு குழந்தைக்கு ஊட்டிவிட முக்கால் மணி நேரம் ஆகும், பாதி கீழே சிந்தும். பத்தாவது நாள் அந்தக் குழந்தை உங்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தால், வீட்டுக்கு வந்து விண்ணப்பப் படிவத்தை எடுங்கள்.